எழுப்பியும் எழாத பிள்ளை

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் காரைக்கால் மாவட்டத்து விழிதியூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறைதான். மனச்சோர்வோ இருமுனை மனநோயோ உள்ள பிள்ளைக்கு அது சோதனைக் காலம். நள்ளிரவு வரை செல்போன், பகல் 11 மணி வரை தூக்கம். பள்ளி திறந்த அன்று எழுப்பினால் எழாது, எரிந்து விழும். "திமிரு" என்பார்கள்.

திமிர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிள்ளைகளிடம் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாக வருவது உண்டு. எழும் நேரம், காலை வெளிச்சம், சாப்பாட்டு நேரம் மாறிக்கொண்டே இருந்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மனநிலையும் சரியும். அமெரிக்க உளவியலாளர் எலன் ஃபிராங்க் குழுவினர் அன்றாட ஒழுங்கையே இருமுனை நோய்க்கான சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினர். 2005-ல் வெளியான அவர்களின் ஆய்வில் நோய் மறுபடி வருவது தள்ளிப்போனது. ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"மனசு சரியாகட்டும், அப்புறம் விளையாடட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். விடுமுறையிலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். மழை விட்டதும் பால் வாங்கக் கூடவே கூட்டிப் போங்கள். முதல் வாரத்துக்குப் பத்து நிமிட நடை போதும். 5 முதல் 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிடம் உடலியக்கம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைப் படிப்படியாக எட்டலாம். கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல். பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

நடையும் விளையாட்டும் மருந்துக்கு மாற்றல்ல. சில நாளாகத் தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், ஓயாத பேச்சும் ஓட்டமுமாக இருந்தால் அதைச் சுறுசுறுப்பு என்று மகிழாதீர்கள். இருமுனை நோயின் மறுமுனையான மனஎழுச்சியாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இருமுனை நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடும் பிள்ளை வெயிலில் வியர்க்க விளையாடினால் உடம்பில் நீர் வற்றி மருந்தின் அளவு ஏறலாம். தண்ணீர் குடிக்க வையுங்கள். வாந்தி, பேதி, கைநடுக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அரசு மனநல சிகிச்சை பெறுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தரும் உரிமை. "திமிரு" என்று பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. அப்படி நடந்தால் முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போங்கள். மற்றபடி யோசனை கேட்க அரசின் மனநல உதவி எண் டெலிமனாஸ் 14416: இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.