ஐ-செவன் ஸ்டிக்கரும் ஏலச்சீட்டுப் பணமும்!

'வாட்' என்றால் என்ன என்று எங்கள் ஏரியாக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, சார். 1970-ல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்படுகிற வரைக்கும், அதன் புகைபோக்கியைப் பார்த்தே வளர்ந்த ஜனங்கள் நாங்கள். அது போனால் என்ன... அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறதே! 210 மெகாவாட் யூனிட் மூன்று, 600-ல் இரண்டு, 2024-ல் தொடங்கிவைத்த 800 ஒன்று. டீக்கடைப் பெரிசுகூட 'எத்தனை மெகாவாட்டு?' என்று கேட்டுத்தான் யூனிட்டை எடை போடும். ஆனால், அதே தெருப் பையன் கேம் ஆட லேப்டாப் வாங்கப் போனால் வாட் பற்றி வாயைத் திறப்பதில்லை. 'ஐ-ஃபைவா, ஐ-செவனா?' என்பதோடு சரி. கடைக்காரருக்கு அது போதும்!

பையனைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பித்தது அல்லவா? நம்மில் பல பேருக்கு வாழ்க்கையின் முதல் லேப்டாப் அதுதான். படிப்பதற்குத்தான் கொடுத்தார்கள். நம் ஆட்கள் முதல் வேலையாக அதில் ஏற்றியது 'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி'! உள்ளே என்ன பிராசஸர் என்று அப்போது யார் பார்த்தார்கள்? டெண்டரில் எது வந்ததோ அது. அன்றைக்கு பிளஸ் டூ படித்தவர்கள் இன்றைக்கு முப்பதைத் தொட்டு, சம்பளம் வாங்கி, பி.எஃப். பிடித்தம் போக மிச்சத்தில் சொந்தக் காசில் வாங்கப் போகிறார்கள். இந்தத் தடவை டெண்டர் கமிட்டியும் நாம்தான், ஏமாந்தால் தலையில் துண்டு போட்டுக்கொள்வதும் நாம்தான்.

எங்கள் எதிர்வீட்டுத் தம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில்லிங் கிளார்க். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து, கையில் பணத்தோடு வந்து நின்றான். சீட்டு இன்னும் பதினாலு மாசம் கட்டியாக வேண்டும். பகலில் தங்கச்சி காலேஜ் வேலைக்கு, ராத்திரி இவன் 'வேலரன்ட்' ஆடுவதற்கு. வீட்டில் சொல்லியிருப்பது முதல் காரணத்தை மட்டும்.

"அண்ணா, ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். ஐ-செவன்ணா! பத்து கோரு! அஞ்சு கிகாஹெர்ட்ஸ்! சோக்கா கீதுண்ணா!"

"நம்பரை முழுசா சொல்லு."

"ஐ7-1355-யு."

"யூ-வா? நீ கேம் ஆட வாங்கறியா, கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்க வாங்கறியா?"

பையன் முகம் தொங்கிவிட்டது. பாவம்!

விஷயம் இதுதான். இன்டெல் பிராசஸர் பெயரில் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த ஓர் எழுத்தில்தான் பாதி ஜாதகம் இருக்கிறது. 'யு' என்றால் கரன்ட்டைச் சிக்கனமாகச் சாப்பிடுகிற ரகம். அந்த ஐ-செவனுக்குக் கம்பெனியே போட்டிருக்கும் அடிப்படைக் கணக்கு 15 வாட். பக்கத்திலேயே ஐ5-12450எச் என்று ஒன்று, ஒரு வருஷம் பழசு, சின்னப் பெயர். அதற்கு 45 வாட். 'எச்' என்றால் உழைக்கிற ஜாதி. அதற்கும் மேலே 'எச்எக்ஸ்' என்று பயில்வான் ஒருத்தர் உண்டு. நம் சம்பளத்துக்கு அவர் பக்கம் திரும்பாமலிருப்பது உத்தமம்.

"பத்து கோர் இருக்கேண்ணா?" என்றான்.

இருக்கிறது. அதில் பெரிய கோர் இரண்டுதான், மீதி எட்டும் சின்னது. ஐ-ஃபைவில் பெரியது நாலு, சின்னது நாலு. அவனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன்: "கப்பல் வந்து நிக்குது. ஒரு பெர்த்துல ரெண்டு பெரிய கிரேன், எட்டு ஃபோர்க்லிஃப்ட். இன்னொண்ணுல நாலு கிரேன், நாலு ஃபோர்க்லிஃப்ட். எங்கே சீக்கிரம் சரக்கு இறங்கும்?" யார்டுக்காரன் ஆயிற்றே, டக்கென்று பிடித்துக்கொண்டான். கேம்களின் கனமான வேலை பெரிய கோர்களின் தலையில்தான் விழுகிறது. சின்னவர்கள் பின்னணியில் சில்லறை வேலை பார்ப்பார்கள்.

அந்த 5 கிகாஹெர்ட்ஸும் பொய்யில்லை. நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி, கொஞ்ச நேரம் பாய்ந்துவிட்டு மூச்சு வாங்கும். கேம் என்பதோ பீச் ஸ்டேஷனிலிருந்து எண்ணூர் வரைக்கும் நிற்காமல் ஓடுகிற சமாசாரம். வாட் இல்லாமல் அங்கே வண்டி போகாது.

சரி, ஏ.எம்.டி. பக்கம் போனால் நிம்மதியா என்கிறீர்களா? அங்கே வேறு கூத்து. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7535எச்எஸ், ரைசன் 5 7640எச்எஸ்... மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி தெரிகிறதா? மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். முதலாவதில் 2. அதாவது 'ஜென் 2', 2019-ல் வந்த டிசைன். பழைய சட்டையை இஸ்திரி போட்டுப் புதுசு என்று மாட்டிவைத்திருக்கிறார்கள்! அதில் கோரும் நாலுதான். 3 என்றால் பரவாயில்லை. 4 என்றால் 'ஜென் 4', தாராளமாக வாங்கலாம். 2024-ல் ஏ.எம்.டி. பெயர் வைக்கும் முறையையே மாற்ற ஆரம்பித்துவிட்டது. இன்டெல்லும் 2023 டிசம்பரில் 'கோர் அல்ட்ரா' என்று ஆரம்பித்து, 'ஐ' எழுத்துக்கு விடை கொடுத்தது. 2025-ல் வந்த 'கோர் 5 210எச்' கேட்கப் புதுசாக இருக்கும். உள்ளே குடியிருப்பது பழைய 13-ம் தலைமுறைக் குடும்பம்தான். அதற்காக ஒதுக்க வேண்டாம், விலையைப் பார்த்துப் பேரம் பேசுங்கள்.

நான் பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'கீ ஃபேக்டர்' என்று ஒன்று வரும். உற்பத்தியை எது கட்டிப்போடுகிறதோ அதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். பரீட்சைக்கு அப்புறம் அது எனக்கு உருப்படியாகப் பயன்பட்டது இந்த லேப்டாப் விவகாரத்தில்தான். 'சைபர்பங்க் 2077' மாதிரி கண்ணைப் பறிக்கிற கேம் என்றால் கீ ஃபேக்டர் கிராபிக்ஸ் கார்டு. 'வேலரன்ட்', 'கவுன்டர்-ஸ்ட்ரைக் 2' ஆடுகிறவர்கள் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தை ஏற்றுவார்கள். அங்கே பிராசஸர் கழுத்தைப் பிடிக்கும். இரண்டும் ஆடுகிறவன் ஐ-செவனோடு ஆர்டிஎக்ஸ் 3050 வாங்குவதைவிட, 'எச்' ரக ஐ-ஃபைவோடு ஆர்டிஎக்ஸ் 4050 வாங்குவதுதான் என் கணக்கில் லாபம்.

கிராபிக்ஸ் கார்டிலும் வாட்டைக் கேளுங்கள். லேப்டாப் 4050-க்கு என்விடியா அனுமதிப்பது 35 முதல் 115 வாட் வரை. லேப்டாப் கம்பெனி அதில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயர் ஒன்று, பலம் வேறு! ஷோரூமில் இதைக் கேட்டால் சேல்ஸ்மேன் மேனேஜரைக் கூப்பிடுவார். மேனேஜர் 'ஏ.சி. போதுமா சார்?' என்பார். அசராதீர்கள். டிஸ்பிளேயில் இருக்கிற லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிராசஸரின் முழுப் பெயர் கடைசி எழுத்தோடு வந்து நிற்கும். ஸ்டிக்கர் மறைக்கும், அது மறைக்காது.

தம்பி கடைசியில் 'எச்' ஐ-ஃபைவ், 4050-க்கு வந்தான். மெமரி எட்டு ஜி.பி., ஒரே குச்சி. விலை அப்படித்தான் இடித்தது. இரண்டு குச்சி இருந்தால் பிராசஸருக்கு மெமரியோடு பேச இரண்டு வழி கிடைக்கும், கேம் இன்னும் சரளமாக ஓடும். ரிச்சி ஸ்ட்ரீட் எதற்கு இருக்கிறது? திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடைதான். ஆனால், சில லேப்டாப்களில் மெமரியை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். காலி ஸ்லாட் உண்டா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். அவன் கேட்டான், இருந்தது.

இன்னொரு சங்கதி, நம் ஊர் வெயில். இன்டெல்லின் 'எச்' ரகங்கள் 100 டிகிரியை எட்டினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் கொதிக்கிற சூடு, இட்லி வேகும்! மே மாத ராத்திரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மெத்தை மேல் வைத்து ஆடினால் 45 வாட்டும் வீண்தான். இது போதாதென்று கடல் காற்றின் உப்பு, லாரித் தூசி, சாம்பல். வருஷத்துக்கு ஒரு தடவை ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுப்பது இங்கே ஆடம்பரம் இல்லை.

காற்று போக லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். அதற்கென்று கடையில் ஸ்டாண்டு விற்கிறார்கள். தம்பி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கேரம் காய்களை அடுக்கி வேலையை முடித்துவிட்டான். சூடு குறைந்திருக்கிறது என்கிறான். அவன் அப்பாதான் நாலு நாளாக போர்டைச் சுற்றிச் சுற்றி வந்து, காய்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.