டிஸ்கில் தொலைந்த கிதாபுகள்: மீட்க முன் செய்ய வேண்டியவை

பழைய அறபுத் தமிழ்க் கிதாபுகளையும் பள்ளிவாசல் பதிவேடுகளையும் படம் பிடித்து வைக்கும் வேலையை எமது ஊர்களில் பலர் தனித்தனியாகச் செய்து வருகிறார்கள். பல மாத உழைப்பு கடைசியில் உள்ளங்கையளவு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. மூலப் பிரதியோ செல்லரித்து உதிர்ந்துகொண்டிருக்கும். இந்த நிலையில் ஒரு நாள் டிஸ்கைச் சொருகினால், 'இதைப் பாவிக்க முன் ஃபோர்மட் செய்ய வேண்டும்' என்று கணினி சொல்லும். பதற்றத்தில் ஓம் என்று அழுத்திவிடாதீர்கள்.

கணினி அப்படிக் கேட்பதால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை டிஸ்க் ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருக்கும். பெரும்பாலும் பழுதாவது அந்த அட்டவணைதான். நூல்நிலையத்தின் அட்டவணை கிழிந்தால் தட்டிலுள்ள நூல்கள் போய்விடுமா? தவறுதலாக அழித்த கோப்பும் அப்படித்தான். 'இந்த இடம் காலி' என்று ஒரு குறிப்பு விழுமே தவிர, வேறொன்று மேலே எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். ஆகவே, பிரச்சினையுள்ள டிஸ்கில் எதையும் எழுதக்கூடாது என்பதே முதல் விதி. மீட்கும் மென்பொருளைக்கூட அதில் நிறுவ வேண்டாம். எஸ்.எஸ்.டி. வகையில் அழித்த இடத்தை டிஸ்கே துப்புரவாக்கிவிடக்கூடும் என்பதால், அங்கே நம்பிக்கை குறைவு.

முதலில் காது கொடுங்கள்

'டிக், டிக்' என்ற சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். சுழலும் தட்டுக்கு மேலே மயிரிழையிலும் மிகச் சிறிய இடைவெளியில் வாசிப்பு முனை மிதக்கிறது. அது பழுதானால் ஒவ்வொரு சுற்றும் தட்டைக் கீறக்கூடும். தட்டிப் பார்ப்பதும் திறந்து பார்ப்பதும் கூடாது. அது தூசியற்ற அறையில் செய்யும் வேலை.

சத்தமில்லாமல் டிஸ்க் தெரியாமலே இருந்தால் வயரை மாற்றுங்கள். மேசைக் கணினியானால் பின்பக்கத் துவாரத்தில் சொருகுங்கள். முன்பக்கத்தில் சிலவேளை மின்சாரம் போதாது. டிஸ்க் திறந்து, போல்டர்கள் மட்டும் காணாமற்போய், நிரம்பிய இடம் குறையாமல் இருந்தால் வைரஸ் அவற்றை மறைத்திருக்கக்கூடும். அவற்றின் பெயரில் நிற்கும் குறுக்குவழிகளை அழுத்த வேண்டாம். வைரஸை நீக்கிய பின், மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவோடு, விண்டோஸின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும் தெரிவையும் சேர்த்துப் போடுங்கள்.

மூலத்தில் கை வைக்காமல்

அட்டவணை பழுது என்றால், அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இன்னொரு டிஸ்கில் முழுப் படிவம் ஒன்றை எடுங்கள். இதற்கு லினக்ஸில் இயங்கும் டீடீ ரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் உண்டு. அது நல்ல பகுதிகளை முதலில் பிரதி செய்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகியவற்றை அந்தப் படிவத்தின் மேல் ஓட்டுங்கள். விண்டோஸின் செக்டிஸ்கை மூலத்தின் மேல் ஓட்டாதீர்கள். அது அட்டவணையை ஒழுங்காக்கப் பார்க்குமே தவிர, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றப் பார்க்காது.

கடையில் கொடுப்பதானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "டிஸ்க் போனாப் பரவாயில்ல, உள்ளுக்கு ஈக்கிறதுதான் வேணும்." சொல்லாவிட்டால் ஃபோர்மட் செய்து, 'இப்ப வேலை செய்யுது' என்று கையில் தந்துவிடுவார்கள்.

பெயரில்லாப் பக்கங்கள்

ஃபோட்டோரெக் படங்களை மீட்டுத் தரும். பெயர்களையும் போல்டர்களையும் தராது. ஆயிரம் பக்கங்கள் கலைந்து கிடந்தால் மனம் தளர வேண்டாம். அது இடும் எண் டிஸ்கில் கோப்பு கிடந்த இடத்தைக் குறிப்பது. அந்த எண்ணின்படி அடுக்கினால் பெரும்பாலும் எடுத்த வரிசை வரும். கமராப் படத்துக்குள் எடுத்த நேரமும் பதிந்திருக்கும். அதற்கும் மேலாக, பழைய கிதாபுகள் பலவற்றில் பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற் சொல் எழுதப்பட்டிருக்கும். ஏடு கலைந்தால் கோப்பதற்காக எழுத்தர்கள் வைத்த அந்தச் சொல் இன்று எமக்கும் உதவும்.

இனியாவது இரண்டு டிஸ்கில் வையுங்கள். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். வெள்ளமும் மின்னலும் ஒரே வீட்டிலுள்ள இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய்விடும். உரிமையாளர் சம்மதித்தால் இன்னொரு பிரதியை நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுங்கள். கிதாபு ஒருவருடைய வீட்டில் மட்டும் இருந்ததால் அழிந்தது என்றுதானே நாம் படமெடுக்கத் தொடங்கினோம். படமும் ஒரே டிஸ்கில் இருந்தால் நிலைமை மாறவில்லை.