தஞ்சைத் தளத்தின் சுகோய்

எதிரி விமானத்தை வானில் விரட்டுவது, தரையில் குண்டு வீசுவது, கடலில் கப்பலைத் தாக்குவது என ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தில் தனித்தனி விமானங்கள் இருந்தன. இந்திய விமானப்படையில் வான்சண்டைக்கு மிக்-21, தரைத்தாக்குதலுக்கு ஜாகுவார் என்று வேலைப் பிரிவினை இருந்தது. எல்லா வேலையையும் ஒன்றே செய்தால் அது பல்பணிப் போர் விமானம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தின் சுகோய்-30 எம்.கே.ஐ. அந்த வகை.

இதை வாங்க 1996 நவம்பரில் ரஷ்யாவுடன் ஒப்பந்தமானது. 1997-ல் புனேக்கு வந்த முதல் விமானங்கள் பெரும்பாலும் வான்சண்டைக்கே ஏற்றவை. இந்தியா கேட்ட முழு வடிவம் 2002-ல்தான் படையில் சேர்ந்தது. அதில் முதன்மை இறக்கைகளுக்கு முன்னால் சிறு இறக்கைகள் உண்டு; எஞ்சினின் புகைவாயே திசை திரும்பும். அதனால் வேகம் குறைந்த நிலையிலும் சட்டென்று வளைய முடிகிறது. உடல் ரஷ்யாவுடையது; மின்னணுக் கருவிகளில் சில பிரான்ஸிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வந்தன. இவற்றை இணைத்து இயக்கும் கணினிகளை இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கியது. அத்திட்டத்துக்கு வைத்த பெயர் வெற்றிவேல். விமானத்தைப் பல்பணிக்குத் தகுதியாக்கியதில் இந்தக் கணினிகளுக்கும் பங்கு உண்டு. பின்னர் நாசிக்கில் எச்.ஏ.எல். நிறுவனம் உரிமம் பெற்று இதைத் தயாரித்தது.

இரண்டு எஞ்சின், இரண்டு விமானிகள். ஒருவர் ஓட்ட, மற்றவர் ரேடாரையும் ஆயுதங்களையும் கவனிக்கலாம். சுமார் 8 டன் ஆயுதம் சுமக்கும். ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறக்கும். வானிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்ளவும் வசதி உண்டு.

தஞ்சைக்கு இது வந்த காரணம் பிரம்மோஸ். ஒலியைப் போல மூன்று மடங்கை நெருங்கும் வேகத்தில் பாயும் இந்த ஏவுகணையின் விமான வடிவமே சுமார் 2.5 டன் எடை. அதைத் தாங்க விமானத்தின் உடலை வலுப்படுத்த வேண்டியிருந்தது. அப்படியும் வயிற்றுக்கடியில் ஒன்றே ஒன்றைத்தான் மாட்ட முடியும். 2017 நவம்பர் 22 அன்று வங்காள விரிகுடாவில் ஓர் இலக்கை நோக்கி விமானத்திலிருந்து முதன்முறை ஏவிப் பார்த்தார்கள். 2020 ஜனவரி 20 அன்று ‘டைகர்ஷார்க்ஸ்’ எனப்படும் 222-ஆம் படைப்பிரிவு இந்த விமானங்களுடன் தஞ்சையில் பணியில் சேர்ந்தது. இங்கிருந்து கிளம்பினால் வங்காள விரிகுடாவும் இந்தியப் பெருங்கடலும் கைக்கெட்டும் தூரம்.

குறையும் இருக்கிறது. இவ்வளவு பெரிய உடல் எதிரி ரேடாரில் எளிதில் தென்படும். இதன் சொந்த ரேடாருக்கும் வயதாகிவிட்டது. அதன் இடத்தில் வைக்க ‘விரூபாக்ஷா’ என்னும் உள்நாட்டு ரேடார் உருவாகி வருகிறது.