பெயரும் வேரும்: காவிரிப் படுகையின் இரு அயற்களைகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் வாய்க்கால்களிலும், கொல்லைகளை ஒட்டிய குட்டைகளிலும் வெங்காயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகிய இரு களைகள் மண்டிக் கிடக்கின்றன. இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்திற்கு உரியவை. தமிழில் அவை பெற்ற பெயர்கள் சில வேளைகளில் மயக்கம் தருகின்றன. அம்மயக்கம் களையை அகற்றும் முறையையும் பாதிப்பதால், சொல்லாய்வு என்ற எல்லைக்குள் மட்டும் அதனை நிறுத்திவிட இயலாது.

வெங்காயத்தாமரை என்பது காரணப்பெயர். இலைக்காம்பு வெங்காயம்போல் பருத்துக் காற்றடைத்திருப்பதால் செடி மிதக்கிறது. நாளிதழ்கள் இதனையே ஆகாயத்தாமரை எனவும் எழுதுகின்றன. ஆனால் சித்த மருத்துவம் ஆகாயத்தாமரை எனக் கொள்வது பிஸ்டியா என்னும் வேறொரு மிதவைச் செடியை ஆகும். அதன் இலைகள் காம்பின்றி, மென்மயிர் படர்ந்து, ரோசாப்பூ அடுக்குப்போல் அமைந்தவை. பூ கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வெங்காயத்தாமரையோ ஊதா நிறப் பூங்கொத்தை உயர்த்திக் காட்டும். இது கழிவுநீரிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சித் தேக்கும் இயல்புடையது. ஆகவே பெயரை மட்டும் நம்பி மருந்துக்கு இதனைப் பறிப்பது தீங்காக முடியலாம். பதிப்பாசிரியர்களும் அகராதி தொகுப்போரும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது இன்றியமையாதது.

வங்காளத்தில் இக்களையை ஒழிக்க 1936ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஓடுதண்டு வழியே சேய்ச்செடிகளை ஈன்று, ஏற்ற சூழலில் இரு வாரங்களுக்குள் இருமடங்காகப் பெருகும் செடியைச் சட்டம் மட்டும் அடக்கிவிடவில்லை. வயலிலிருந்து வடியும் உரச்சத்து அதற்கு மேலும் ஊட்டமாகிறது. கோடையில் வாய்க்கால் வறண்டால் செடி மடியும். விதையோ சேற்றில் பல்லாண்டுகள் உயிர்த்திருந்து, ஈரம் கண்டதும் முளைக்கும். 1980களில் பெங்களூரில் வெற்றி தந்த நியோகெட்டினா கூன்வண்டுகள் நிலையான ஏரிகளுக்குப் பொருந்துவன. ஆண்டுதோறும் வறண்டு மீண்டும் பெருக்கெடுக்கும் பாசன வாய்க்கால்களில் அவற்றையே நம்பியிருத்தல் கடினம்.

நெய்வேலிக் காட்டாமணக்கின் பெயர் இதனினும் மயக்கம் தருவது. இச்செடிக்கு நெய்வேலி பிறப்பிடமன்று. ஆமணக்குக் குடும்பத்தோடும் தொடர்பில்லை. ஐப்போமியா பேரினத்தைச் சேர்ந்த இது சர்க்கரைவள்ளிக்கு உறவு. வள்ளிக்கொடியை வெட்டி நட்டால் வேர்பிடிக்கும் என்பதை உழவர் எவரும் அறிவர். அந்த உறவைப் பெயர் மறைத்துவிடுகிறது. அதனால் வெட்டிய தண்டுகளை ஈரக் கரையிலேயே குவித்துவிடும் வழக்கம் நீடிக்கிறது. அது களையெடுப்பன்று, நடவு. கொல்லை வேலிக்கு இதன் கழிகளை ஊன்றுவதும் அவ்வாறே. ஆடுமாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லை. வேறு தீவனமின்றித் தொடர்ந்து மேயும் ஆடுகளை இதிலுள்ள சுவைன்சோனின் என்னும் நச்சு நரம்புநோய்க்கு ஆளாக்குகிறது.

இரு களைகளுக்கும் காலம் வெவ்வேறு. மேட்டூர் அணை மரபாக ஜூன் 12இல் திறக்கப்படும். அதற்கு முன் கரை உலர்ந்திருக்கும் மாதங்களில் காட்டாமணக்கை வேரோடு அகழ்ந்து, தண்டுகளை வெயிலில் முற்றிலும் உலர்த்த வேண்டும். வெங்காயத்தாமரையைப் பூக்கும் முன்னரே நீரிலிருந்து வாரி, நீர்விளிம்பிற்கு எட்டாத மேட்டில் காயவைத்து, சாணத்தோடு அடுக்கி எருவாக்கலாம். சாக்கடை கலக்கும் வாய்க்காலில் வாரியதாயின், அவ்வெருவைக் கீரைப் பாத்திக்கு இடுதல் தகாது, பூச்செடிகளுக்கு இடலாம்.