இருட்டு ஹாலில் ஒரு சிரிப்பு

கண்காட்சிக்குப் போனால் சத்தம் போடக்கூடாது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கண்காட்சியே சத்தம் போட்டால்? 1938 ஜனவரியில் பாரீஸில், போஸார் கேலரியில் அதுதான் நடந்தது.

நடத்தியவர்கள் சர்ரியலிஸ்டுகள். 1924-ல் ஆந்த்ரே ப்ரெதோன் எழுதிய அறிக்கையோடு கிளம்பிய கூட்டம். கனவில் வருகிற மாதிரி சம்பந்தமே இல்லாத பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மனசின் அடியில் கிடப்பதைக் கிளறிவிடுவது இவர்கள் வழி. இந்த முறை படங்களைச் சுவரில் மாட்டியதோடு நிற்காமல், ஹாலையே கனவாக்கிவிட்டார்கள்.

அந்த வேலை மார்செல் த்யூஷாம் கையில். கூரையிலிருந்து சுமார் 1,200 நிலக்கரிச் சாக்குகளைத் தொங்கவிட்டார். உள்ளே கரி இல்லை, காகிதம். கீழே ஒரு கணப்பு அடுப்பு; அதற்குள் எரிந்தது மின்சார பல்பு. (தலைக்கு மேல் காகித மூட்டை இருக்கும்போது நிஜ நெருப்பை யார் அனுமதிப்பார்கள்!) தரையில் காய்ந்த இலைகள். காபிக்கொட்டை வறுக்கும் வாசனை வேறு. வந்தவர்களுக்கு டார்ச் லைட் கொடுத்தார்கள்; அவர்களோ படத்தை விட்டுவிட்டு ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்துப் பார்த்துக்கொண்டார்களாம்.

அந்த இருட்டில் எங்கிருந்தோ ஒரு வெறிச் சிரிப்பு. மனநோய் மருத்துவமனை நோயாளிகளின் ஒலிப்பதிவு அது. கூடவே ஜெர்மன் ராணுவ அணிவகுப்பு இசை.

இது ஏன் வயிற்றைக் கலக்குகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் இரண்டு காதுக்கும் நடுவே ஏறத்தாழ 20 செ.மீ. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பக்கவாட்டில் வருகிற சத்தம் ஒரு காதுக்கு 0.6 மில்லி செகண்ட் அளவுக்கு முந்திவிடும். அந்தத் துளி வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைப் பிடிக்கிறது. உடனே கண் அந்தப் பக்கம் திரும்பி, 'ஆள் இங்கேதான்' என்று உறுதி செய்யும். அங்கே திசை இருக்கிறது, ஆள் இல்லை. பிடிக்காத படமென்றால் டார்ச்சை அணைத்துவிட்டு நகரலாம். சிரிப்பை அணைக்கிற ஸ்விட்ச் நம் கையில் இல்லையே. விழாக்களுக்கு மைக் செட் கட்டும்போது ஸ்பீக்கரை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்தான் வைப்போம். ஒளித்து வைத்தால் அதுவே வேறு கருவியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ப்ரெதோனுக்கு சங்கீதம் என்றாலே ஆகாது என்பது தனி வேடிக்கை. ஆனால் அந்த அணிவகுப்பு இசை வேடிக்கையாக முடியவில்லை. இரண்டே மாதத்தில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. 1940 ஜூனில் அதே பாரீஸ் தெருக்களிலும் அந்த பூட்ஸ் சத்தம் கேட்டது.

எனக்கு ஒப்பாதது அந்தச் சிரிப்புதான். 1928-லேயே ப்ரெதோனும் லூயி அரகோனும் ஹிஸ்டீரியாவைக் கவிதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியவர்கள். கொண்டாடட்டும். அந்த வார்டில் கிடந்தவருக்கு அது கவிதையா? ஓவியருக்குக் கேடலாகில் பெயர் உண்டு; சிரித்தவர் வெறும் ஸவுண்ட் எஃபெக்ட். இதை இருட்டின் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

1959 டிசம்பரில் இதே பாரீஸில் இன்னொரு சர்ரியலிஸ்ட் கண்காட்சி திறந்தது. அங்கேயும் ஒலிப்பதிவு ஓடியது. இந்தத் தடவை காதலர்களின் பெருமூச்சு. தயாரித்தவர் அவர்கள் கூட்டத்துக் கவிஞர் ராடோவன் இவ்ஷிச்.