மடியில் கனமும் வழியில் பயமும்

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஆனால் ஊர் விட்டு ஊர் போகும் எவரேனும் கனமே இல்லாமல் புறப்பட இயலுமா? தில்லி மருத்துவமனை ஒன்றில் செவிலியாகச் சேரப் புறப்படும் நம் பங்குப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். விடுதிக்கு முன்பணம் கட்ட வேண்டும். முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும் வரை உண்ண வேண்டும். சான்றிதழ்களைப் படியெடுக்க, ஆட்டோவுக்குக் கொடுக்க, எதிர்பாராத காய்ச்சலுக்கு மருந்து வாங்க என்று எல்லாவற்றிற்கும் பணம் வேண்டும். ஆகவே கனம் இருக்கத்தான் செய்யும். அதை எங்கே, எத்தனை கூறாக வைப்பது என்பதுதான் கேள்வி.

செப்டம்பர் திருவிழாவிற்கு வேளாங்கண்ணிக்குக் குடும்பமாகச் செல்கிறோம். கூட்ட நெரிசலில் தந்தையின் பணப்பை பறிபோகிறது. மனம் வருந்தத்தான் செய்கிறது. ஆயினும் தாயின் கைப்பையில் கொஞ்சம் இருக்கும், மூத்த மகனிடம் கொஞ்சம் இருக்கும், பாட்டியின் சுருக்குப் பையில் யாருக்கும் தெரியாத ஒரு நோட்டு மடிந்து கிடக்கும். ஊர் திரும்ப அது போதும். குடும்பத்தின் பணம் தானாகவே பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. தனியாகச் செல்பவருக்கோ இந்த வசதி இல்லை. கைமாற்றுக் கேட்க ஆளில்லை. கழிப்பறைக்குச் சென்றால் பையைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. ஆகவே குடும்பத்தில் நான்கு பேர் செய்கின்ற வேலையை அவர் தம்மிடமுள்ள நான்கு இடங்களைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும்.

பணத்தை உடன் சுமக்காமலேயே பயணம் செய்யும் வழியைப் பழைய வணிகர்கள் நன்கு அறிந்திருந்தனர். செட்டிநாட்டார் பர்மாவிற்கும் மலேயாவிற்கும் கடல் கடந்து தொழில் செய்த நாட்களில், ஓரூரில் கட்டிய தொகையை மற்றோரூரில் பெற்றுக்கொள்ள உண்டியல் என்னும் சீட்டைப் பயன்படுத்தினர். (ஆலயத்தில் நாம் காணிக்கை இடும் பெட்டிக்கும் அதே பெயர் வழங்குவது வேடிக்கைதான்.) 1880-இல் இந்திய அஞ்சல் துறை மணியார்டர் முறையைத் தொடங்கியது. மேல்நாட்டில் 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணிகள் காசோலையை வெளியிட்டது. வாங்கும்போது ஒரு கையொப்பம், பணமாக்கும்போது அதே கையொப்பம் மீண்டும் ஒருமுறை. இரண்டும் ஒத்திருந்தால்தான் பணம். ஆகவே திருடியவனுக்கு அதனால் பயனில்லை. இம்முறைகள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: மனிதன் ஒரு வழியில் செல்லட்டும், பெருந்தொகை வேறு வழியில் செல்லட்டும். இன்று வங்கிக் கணக்கு அந்த வேலையை இன்னும் எளிதாகச் செய்கிறது. விடுதி முன்பணத்தை முன்கூட்டியே விடுதியின் கணக்கிற்கு அனுப்பி இரசீது பெற்றுவிட்டால் பாதிக் கனம் வீட்டிலேயே இறங்கிவிடும்.

எஞ்சியதை உடலோடு கட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். 2005 ஏப்ரலில் காசி விசுவநாத் விரைவு வண்டியில் தில்லிக்குச் சென்ற ஒரு பயணி அப்படித்தான் செய்தார். ஒரு இலட்சம் ரூபாயைத் துணிப் பட்டையில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்பதிவு செய்த படுக்கையில் உறங்கினார். அதிகாலையில் விழித்தபோது பட்டையைக் காணவில்லை. காற்சட்டை ஒரு பக்கம் அறுக்கப்பட்டிருந்தது. இரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்று நுகர்வோர் மன்றங்கள் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தன. ஆனால் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புகளைத் தள்ளுபடி செய்தது. தன் உடைமையைப் பயணியே காத்துக்கொள்ள முடியாதபோது, அதற்கு இரயில்வேயைப் பொறுப்பாக்க முடியாது என்பது நீதிபதிகளின் கருத்து. 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டமும், பயணி தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள் தொலைந்தால், அது இரயில்வே ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று நிறுவப்பட்டாலன்றிப் பொறுப்பேற்பதில்லை. பதினெட்டு ஆண்டுகள் வழக்கு நடந்தும் பணம் பணமாகத் திரும்பவில்லை. இடுப்பில் கட்டியது தவறன்று. முழுத் தொகையும் அந்த ஒரே பட்டையில் இருந்ததே அவருக்கு வினையாயிற்று.

ஆகவே கூறு போடுவோம். அன்றைய செலவுக்கான சில்லறையும் சிறு நோட்டுகளும் ஒரு மலிவான பணப்பையில் இருக்கட்டும். தேநீர் வாங்கவும் பயணச்சீட்டு எடுக்கவும் பிறர் கண்ணெதிரே திறப்பது இதை மட்டுமே. பேருந்தில் நடத்துநரிடம் ஐம்பது ரூபாய்ச் சீட்டு எடுக்க, மடியிலிருந்து கட்டுநோட்டை உருவி அதிலிருந்து ஒன்றைப் பிரிக்கும் வழக்கம் நம்மவரிடம் இன்னும் இருக்கிறது. அந்த ஒரு நொடியில் பேருந்தில் பாதிப் பேருக்கு நம் கையிருப்புத் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது கூறு உடையின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும். நம் பாட்டிமார் உள்பாவாடையில் தைத்துக்கொண்ட பையும், பாட்டனார் அரைக்காற்சட்டையில் வைத்துக்கொண்ட பையும் இன்றும் சிறந்தவை. தெருமுனைத் தையற்காரரிடம் சுடிதாரின் உட்புறம் ஜிப் வைத்த ஒரு பை தைத்துத் தரச் சொன்னால் சிறு கூலியில் முடித்துக் கொடுப்பார். வியர்வையில் நோட்டு நைந்துவிடாமலிருக்கச் சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டு வைப்பது நலம். மூன்றாவது கூறு, பெட்டியின் அடியில், மடித்த துணிகளுக்கிடையே. உடலில் உள்ளது போனால் பெட்டி இருக்கும். பெட்டி போனால் உடலில் உள்ளது இருக்கும். இந்த இரண்டு கூறுகளில் ஒவ்வொன்றும், தனியாகவே வீடு திரும்பப் போதுமான அளவு இருக்க வேண்டும். எவ்வளவு வைப்பது என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை.

இவ்வளவும் அறிந்த இளைஞர்கூட இன்று ஓரிடத்தில் ஏமாந்து போகிறார். கைப்பேசியின் பின்புற உறையைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் வங்கி அட்டை ஒன்று. அவசரத்திற்கென்று ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று. சில வேளைகளில் ஆதார் அட்டையும். கைப்பேசிக்குள்ளேயோ யு.பி.ஐ. வழியாக வங்கிக் கணக்கு முழுவதும், பயணச்சீட்டு, விடுதியின் முகவரி, வீட்டாரின் தொலைபேசி எண்கள். இடுப்புப் பட்டையில் ஒரு இலட்சம் கட்டிய பயணிக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? அவரிடம் போனது பணம் மட்டுமே. இவரிடம் கைப்பேசி போனால், பணம் போய்விட்டது என்று வீட்டிற்குச் சொல்லும் வழியும் கூடவே போய்விடுகிறது. அவசரத்திற்கான நோட்டு, எந்தப் பொருள் தொலைந்தால் தேவைப்படுமோ அந்தப் பொருளுக்குள்ளேயே இருப்பது எவ்வளவு பேதைமை!

அட்டையை வேறிடத்திலும் அடையாளச் சான்றை இன்னோரிடத்திலும் வைப்பது முதல் வேலை. இணையத்தில் எடுத்த இரயில் சீட்டுக்கு அடையாளச் சான்றைக் காட்டியாக வேண்டும் என்பதால், பணத்தோடு அது போகலாகாது. அடுத்து, யு.பி.ஐ. இணைந்த கணக்கு, சேமிப்பு முழுவதும் உள்ள கணக்காக இருக்க வேண்டியதில்லை. அஞ்சலக வங்கியிலோ வேறு வங்கியிலோ சிறு கணக்கு ஒன்று தொடங்கி, பயணத்திற்கு வேண்டிய தொகையை மட்டும் அதில் போட்டு, அதையே கைப்பேசியில் இணைத்துக்கொள்ளலாம். குறைந்தால் வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லலாம். இதுவும் அந்தப் பழைய சுருக்குப் பைதான். துணிக்குப் பதிலாகக் கணக்காக இருக்கிறது, அவ்வளவே.

சிம் அட்டைக்கென்று தனியாக ஓர் இரகசிய எண் வைக்க முடியும் என்பதைப் பலர் அறியார். திருடியவன் சிம்மைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் போட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அவன் கைக்கே வந்து சேரும். சிம்மிற்கு எண் வைத்திருந்தால் அது நடவாது. அட்டையைத் தேய்க்காமல், எண்ணும் கேட்காமல், தொட்டவுடனேயே 5,000 ரூபாய் வரை செலுத்தும் வசதி 2021 ஜனவரி முதல் உள்ளது. வேண்டாதவர் அதை வங்கியின் செயலியிலேயே நிறுத்தி வைக்கலாம், ஏ.டி.எம்.மில் எடுக்கும் தொகைக்கும் வரம்பு வைக்கலாம். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

புறப்படும் நேரத்தில் பெற்றோர் செய்வதையும் சொல்லத்தான் வேண்டும். நடைமேடையில் நின்று சன்னல் கம்பி வழியே நோட்டுகளை எண்ணிக் கொடுத்து, "பத்திரம் அம்மா, அஞ்சாயிரம் இருக்கு" என்று உரக்கச் சொல்லும் தந்தையை எத்தனை நிலையங்களில் பார்க்கிறோம்! அன்பினால்தான் செய்கிறார். ஆனால் எதிர் இருக்கையில் இருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியுமா? எண்ணுவதும் கொடுப்பதும் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். அதுபோலவே, ஓடும் வண்டியில் கைப்பேசியில் பேசியபடி அட்டையின் இரகசிய எண்ணைத் தம்பிக்குச் சொல்லுவதும் ஆகாது.

சென்னையிலிருந்து தமிழ்நாடு விரைவு வண்டியில் தில்லி செல்ல இரண்டு இரவுகளை வண்டியில் கழிக்க வேண்டும். முதல் இரவில் எச்சரிக்கையாக இருப்பவர், இரண்டாம் இரவில் பழகிய முகங்களை நம்பி அயர்ந்துவிடுகிறார். பெட்டியைக் கீழ்ப் படுக்கையின் அடியிலுள்ள வளையத்தோடு சங்கிலியிட்டுப் பூட்டிச் சாவியை உட்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியை மின்னேற்றத்திற்குச் செருகிவிட்டு உறங்குவது, அதை எடுத்துப் போகச் சொல்லி வைப்பதற்குச் சமம். வண்டி நகரத் தொடங்கும் தருணத்தில் சன்னலோரமும் வாயிற்படியிலும் கைப்பேசியைக் கையில் ஏந்தி நிற்கலாகாது. பறிப்பவன் நடைமேடையில் நிற்பான், நாம் வண்டியோடு போய்விடுவோம். அறிமுகமில்லாதவர் அன்போடு நீட்டும் தேநீரையும் பிஸ்கட்டையும் மறுப்பது நம் பண்பாட்டிற்குச் சற்றுக் கடினமே. மயக்க மருந்து கலந்து கொடுத்துக் கொள்ளையடிப்பது வண்டிகளில் நடந்து வருவதால், "வயிறு சரியில்லை, ஐயா" என்று சொல்லிவிடுவதில் பிழையில்லை.

ஊர்களில் நடக்கும் தந்திரங்கள் பெரும்பாலும் பழையவையே. "ஐயா, உங்கள் பணம் கீழே விழுந்து கிடக்கிறது" என்று ஒருவன் பத்து ரூபாய் நோட்டுகளைக் காட்டுவான். நாம் குனியும்போது மற்றவன் பையோடு மறைவான். சட்டையில் அழுக்கை ஊற்றித் துடைத்துவிட வருவதும் அந்த வகைதான். ஏ.டி.எம். அறையில் உதவி செய்ய வருபவன் நம் எண்ணைப் பார்த்துக்கொண்டு, அட்டையை மாற்றிக் கொடுத்துவிடுவான். முதியோர் இதில் அதிகம் சிக்குகின்றனர். இயந்திரம் புரியவில்லை எனில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே சென்று ஊழியரையே கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் பறிபோனால்? முதலில் காவல் நிலையமன்று, வங்கிதான். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பைக்கூட, அவர் வங்கிக்கு அறிவிக்கும் நேரம் வரைதான் அவர் தலையில் சுமத்தியது. அறிவித்த பிறகு போகும் பணத்திற்கு வங்கியைப் பொறுப்பாக்கியது. ஆகவே அழுதுகொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் விலை உண்டு. அருகிலிருப்பவரின் கைப்பேசியை இரவல் வாங்கி அட்டையையும் யு.பி.ஐ.யையும் முடக்கச் சொல்ல வேண்டும். கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே முறையிட வேண்டும். வண்டியில் இருந்தால் 139-ஐ அழைக்கலாம். முதல் தகவல் அறிக்கைக்கான படிவத்தைப் பயணச்சீட்டுப் பரிசோதகரிடமே பெற்று எழுதிக் கொடுக்கலாம், நடுவழியில் இறங்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, களவு எவ்வூரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற்றாக வேண்டும். "எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று திருப்பி அனுப்புதல் கூடாது. புகாரின் படி கைக்கு வந்தபின், மைய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாகத் தொலைந்த கைப்பேசியை எந்த சிம்மும் வேலை செய்யாதபடி முடக்கலாம். அதற்கு வேண்டிய 15 இலக்க எண், *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும். தொலைப்பதற்கு முன்பே குறித்து வைத்திருந்தால்தான் பயன்.

இவ்வெண்களை எங்கே குறித்து வைப்பது? வங்கியின் உதவி எண் அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கிறது, அட்டையோ திருடன் கையில். வீட்டு எண்ணைக் கைப்பேசி நினைவில் வைத்திருக்கிறது, கைப்பேசியும் அவன் கையில். முன்பெல்லாம் பத்து எண்களையாவது மனத்தில் வைத்திருந்தோம். இன்று பெற்ற தாயின் எண்ணைக் கேட்டாலும் பிள்ளைகள் விழிக்கின்றனர். இரண்டு எண்களையேனும் மனப்பாடம் செய்து, மற்றவற்றை உள்ளங்கை அகலத் தாளில் எழுதி, உட்பையிலுள்ள நோட்டோடு வைக்க வேண்டும். வங்கியின் உதவி எண், வீட்டார் இருவரின் எண்கள், போய்ச் சேரும் விடுதியின் பெயரும் முகவரியும், கைப்பேசியின் அந்த 15 இலக்க எண் ஆகியவை போதும். இரகசிய எண்ணை மட்டும் அதில் எழுதக் கூடாது. மைப்பேனாவால் எழுதினால் வியர்வையில் கரைந்துவிடும். பந்துமுனைப் பேனாவாலோ பென்சிலாலோ எழுதுங்கள்.