அறிவிச்சாச்சு, கேம்பஸ் எப்போ வரும்?

2024 ஏப்ரல்ல, கோவைக்கு சர்வதேச கிரிக்கெட் ஸ்டேடியம் வரும்னு முதல்வர் ஸ்டாலின் வாக்குறுதி கொடுத்தப்போ, நம்மள்ல பாதிப் பேர் ஸ்டேட்டஸ் வெச்சோம். ஞாபகம் இருக்குங்களா? ஆனா அறிவிப்புக்கும் மைதானத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு யோசிச்சோமா?

மணிப்பூர் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பாருங்க. 2014 ஜூலை மத்திய பட்ஜெட்ல 100 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. ஆனா மொத்தத் திட்ட மதிப்பீடு 524 கோடி! மாநில அரசு 325.90 ஏக்கர் நிலம் கொடுத்துச்சு. 2018 ஜனவரியில குமான் லம்பாக் வளாகத்துல தற்காலிகமா வகுப்பு ஆரம்பிச்சாங்க. நிரந்தர வளாகத்துக்கு அடிக்கல் மார்ச்ல, நாடாளுமன்றச் சட்டம் ஆகஸ்ட்ல.

ஏன் இவ்வளவு லேட்? நிலம், விரிவான திட்ட அறிக்கை, நிதி ஒப்புதல், டெண்டர்னு ஒவ்வொரு படியா ஏறணும். ஒதுக்கின பணம் மார்ச் 31-க்குள்ள செலவாகலைன்னா பொதுவா காலாவதி ஆயிடும். அடுத்த பட்ஜெட்ல திரும்பக் கேட்கணும். கட்டி முடிச்சாலும் கோச் சம்பளம், புல்தரைப் பராமரிப்பு, கரண்ட் பில் வருஷா வருஷம் வரும்.

2014-ல 17 வயசுல அந்த அறிவிப்பைக் கேட்ட வீரருக்கு, முதல் வகுப்பு ஆரம்பிக்கும்போது கிட்டத்தட்ட 21. இப்போ நம்ம வயசு. ஃபைல் காத்திருக்கும், உடம்பு காத்திருக்காது.

அதனால அடுத்த அறிவிப்பு வந்தா மூணே கேள்வி கேளுங்க: நிலம் கைக்கு வந்துடுச்சா? திட்ட அறிக்கை தயாரா? பராமரிப்புச் செலவு யாரோடது? பதில் கிடைச்சப்புறம் ஸ்டேட்டஸ் வைக்கலாம்ங்க.